ஜனக்புரித் துறைமுகம்

டெல்லியில் கடல் கிடையாது என்பது ‘சமுத்திர தர்பார்’ கப்பல் கம்பெனிக்கும் தெரியும். தெரிந்துதான் ஜனக்புரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து, அதற்குத் துறைமுகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கப்பல் என்னவோ மும்பையில்தான் நிற்கும். ஆனால் டெல்லிக்காரர்கள் கடலைப் பார்க்காதவர்கள், வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள், நேரம் என்றால் என்னவென்று அறியாதவர்கள் என்று கம்பெனி முடிவு கட்டியிருந்தது. ஆகவே கப்பல் ஏறும் முறையை இங்கேயே படித்து, புரிந்துகொண்டதாக நிரூபித்து, மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டிக்கொண்டவர்களை மட்டும் கம்பெனியே விமானத்தில் மும்பைக்குக் கூட்டிப் போகும். பட்டை இல்லாதவனுக்குக் கப்பல் இல்லை.

மாணிக்கவாசகத்துக்கு இந்தக் கப்பல் யோசனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. நிச்சயதார்த்தம் என்றால் பெரியவர்கள் முன்னிலையில், காலைத் தரையில் ஊன்றி நின்று நடத்த வேண்டும். ஆடுகிற பலகையின்மேல் நின்றுகொண்டு வெற்றிலை பாக்கு மாற்றுவது ஒரு குடும்பத்துக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம். அவர் மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தாலும் நின்றாலும் முதுகு ஒரே நேர்கோடுதான். ஆனால் தங்கை ராஜியின் மகள் மதுமதி, “கப்பல்ல வெச்சுக்கலாம் மாமா, ப்ளீஸ்” என்று கேட்டபோது அந்த நேர்கோட்டில் எங்கோ ஒரு நெளிவு விழுந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு போய்த்தான் ஆக வேண்டும். அவர் தாய்மாமன். மாமன் கையால் சீர்த்தட்டு வாங்காமல் பெண் சபையில் நிற்க முடியாது. அதிலும் இவருக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. மதுமதி பெரியவளான சீருக்கு இவரால் வர முடியவில்லை. அப்போது குவாஹாத்தியில் வேலை; லீவு கிடைக்கவில்லை. புடவையையும் வளையலையும் பார்சலில் அனுப்பினார். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன மறு வாரம் அது வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து ராஜியின் கணவனுக்கு அண்ணன் மாசிலாமணி, எந்த விசேஷத்திலும் நாலு பேர் காதில் விழும்படி இவரைத் ‘தபால் மாமன்’ என்றுதான் சொல்வார். கிட்வாய் நகரிலிருந்து ஈரோடு வரைக்கும் அந்தப் பெயர் பரவியிருந்தது. இந்த நிச்சயத்தில் சீர்த்தட்டைத் தன் கையால் கொடுத்தால்தான் அது அழியும்.

கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நாற்பது வருஷம் அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய மாணிக்கவாசகம், அதை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பயணி செக்-இன் நேரத்தில் வர வேண்டும். போர்டிங் நேரத்தில் ஏற வேண்டும். இறுதி ஏற்ற நேரத்துக்கு முன்பே ஏறி முடித்திருக்க வேண்டும். புறப்பாட்டு நேரம் கப்பலுக்கு மட்டுமே உரியது.

“ஏனுங்க, கப்பல் எந்நேரத்துக்குங்க? வெடியாலயா, பொழுதோடவா?” என்றாள் அவர் மனைவி அருக்காணி.

“நாலு நேரம் போட்டிருக்கான்.”

“நாலு கப்பலுங்களா?”

“ஒண்ணுதான்.”

“ஒரு கப்பலுக்கு எதுக்குங்க நாலு நேரம்? பஸ்ஸுக்கெல்லாம் ஒரு நேரந்தானுங்களே?”

“பேசாம பொட்டியக் கட்டு. முன்னாலயே போயி நின்னுக்கலாம்.”

அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. டெல்லித் தமிழர்களில் அவர் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் அதுவே வழி. ஊருக்குப் போகிற ரயில் நிஜாமுதீன் பிளாட்பாரத்துக்கு வருவதற்குள் இவர்கள் கட்டுச்சோற்றில் பாதியைத் தின்று முடித்திருப்பார்கள். முன்னால் போய் நின்றவனை எந்த ரயிலும் விட்டுவிட்டுப் போனதில்லை.

எனவே நிச்சயத்தன்று காலை பத்து மணிக்குச் செக்-இன் என்றால் எட்டு மணிக்கெல்லாம் இருவரும் துறைமுகத்தின் வாசலில் இறங்கினார்கள். ஒரு சூட்கேஸ். இட்லியும் மிளகாய்ப் பொடியும் அடைத்த டிபன் கேரியர். மூங்கில் கூடையில் சீர்: பித்தளைத் தாம்பாளம், மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டுப்புடவை, மாலை, குடுமியோடு ஐந்து தேங்காய்.

வாசலில் வெள்ளை உடுப்பில் இரண்டு மாலுமிகள் நின்றார்கள். அவர்களுடைய கழுத்தையும் உடைந்து தடித்த காதுகளையும் பார்த்தால், தண்ணீரைவிட மல்யுத்தக் களத்து மண்ணைத்தான் அதிகம் பார்த்தவர்கள் என்று தெரிந்தது.

“டைம்?” என்றான் ஒருவன் இந்தியில்.

“பத்து மணி.”

“இப்போது எட்டு.”

“தெரியும் பையா. முன்கூட்டியே வந்திருக்கிறோம்,” என்றார் மாணிக்கவாசகம், ஒரு பாராட்டை எதிர்பார்த்தவராக.

மாலுமி அவர் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். தோளில் ஏதோ சொடுக்கியது. மாணிக்கவாசகத்தின் முதுகு வளைந்தது. அறுபத்தெட்டு வயதில் அது முதல் தடவை. அப்படியே குனிந்தவாக்கில் அவரை ஓட்டிக்கொண்டு போய், போலீஸ்காரர்கள் ரோட்டில் போடுகிற மஞ்சள் இரும்புத் தடுப்புகளால் கட்டிய ஒரு கூண்டுக்குள் தள்ளினார்கள். ‘முன்வந்தோர்’ என்று மூன்று மொழிகளில் பலகை தொங்கியது. அருக்காணியைத் தள்ளவில்லை. அவள் டிபன் கேரியரை ஓங்கியபடி, தானே உள்ளே நடந்து போனாள்.

கூண்டுக்குள் ஏற்கெனவே கூட்டம். பலருக்கு முழங்கால் சிராய்த்திருந்தது. ஒரு ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலேயே வந்தவராம், ஆகவே அதிகமாக அடித்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் கேப்டன் தொப்பியோடு ஒரு இளைஞன் வந்தான். பெயர் நிகில். போர்டிங் கமாண்டர். லோதி ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டில் அம்மா தன்னைக் கூப்பிட்ட தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் உலகம் முழுவதையும் ‘நீ’ என்றுதான் அழைத்தான்.

“அங்கிள், நீ தமிழா? அச்சா. நீ ஏன் சீக்கிரம் வந்தே?”

தோள் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த மாணிக்கவாசகத்துக்கு இந்த ‘நீ’ நேராக நெஞ்சில் பாய்ந்தது. “முன்னால வர்றது ஒரு தப்பா தம்பி?” என்றார்.

“தேக்கோ, பாரு அங்கிள். லேட்டா வர்றவன் சும்மா திருடன். நம்ம டைம்ல கொஞ்சம் திருடறான். சீக்கிரம் வர்றவன் டாக்கு, கொள்ளைக்காரன். இன்னும் வராத டைமையே வந்து பிடிச்சுக்கறான். உனக்கு இது ஏன் புரியல?”

சொல்லிவிட்டு, தடுப்பைப் பிடித்திருந்த பேங்க் மேனேஜரின் விரல்களைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

சரியாகப் பத்து மணிக்கு மாப்பிள்ளை கதிரவன் தன் தாய் தகப்பனோடு வாசலில் வந்து நின்றான். அவன் ராணுவத்தில் கேப்டன், நிஜமான கேப்டன். பத்து என்றால் பத்துக்கு வந்து பழகியவன். மாலுமிகள் திகைத்துப் போனார்கள். அந்தத் துறைமுகத்தில் அதுவரை ஒருவர்கூடச் சரியான நேரத்துக்கு வந்ததில்லை. நிகில் ஓடி வந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினான். பிறகு கவலையோடு தலையாட்டினான்.

“டில்லில ஒருத்தன் கரெக்ட் டைமுக்கு வர்றான்னா, உள்ளேயிருந்து யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. பிடி அவனை!”

ஆறு மாலுமிகள் கதிரவன்மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. மீதி நால்வரும் அவனைக் கப்பல் கயிற்றால் சுற்றிக் கட்டி, பெற்றோரையும் சேர்த்து, ‘சந்தேகத்துக்குரியோர்’ என்ற கூண்டில் போட்டார்கள். அந்தக் கூண்டில் வேறு யாரும் இல்லை.

மெட்ரோவில் கூட்டம் என்று கால்மணி நேரம் தாமதமாக வந்தது ராஜியின் குடும்பம். அவர்களை முறுக்கவில்லை, படிக்கட்டின் உச்சியிலிருந்து ஒவ்வொருவராக உருட்டிவிட்டார்கள். தாமதமாக வந்தவர்கள் இழந்த நேரத்தைப் பிடிப்பதற்குக் கம்பெனி செய்துகொடுத்த வசதி அது. கடைசியாக உருண்டு வந்தவர் மாசிலாமணி. உதடு கிழிந்து, கண்ணாடி ஒரு காதில் தொங்க, ‘பின்வந்தோர்’ கூண்டில் எழுந்து நின்றவர், எதிர்க்கூண்டில் மச்சானைப் பார்த்தார். ரத்தத்தைத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

“ஏனுங் மச்சான், சீரக் கையிலயே கொண்டாந்துட்டீங்களாட்ட? நாந் தபால்ல வருமின்னு பாத்துட்டிருந்தனுங்.”

பின்வந்தோர் கூண்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாணிக்கவாசகம் கூடையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தச் சிரிப்பு முன்வந்தோருக்குப் பொறுக்கவில்லை. விடியற்காலையிலிருந்து அடிபட்டவர்கள் அவர்கள். தங்களை அடித்த மாலுமிகள்மேல் அவர்களுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் தூங்கிவிட்டு வந்தவர்கள்மேல்தான் வந்தது. “இவங்களால்தான் எல்லாம்!” என்று பேங்க் மேனேஜர் இந்தியில் கத்தினார். அங்கிருந்து ஒரு செருப்பு வந்தது. இங்கிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் போனது. பிறகு சூட்கேஸ்கள் பறந்தன. ஒரு சர்தார்ஜியின் புருவம் பிளந்தது. இரு கூண்டுகளும் இரும்போடு இரும்பு மோத, நடுவில் ஒருவர் விரல் மாட்டிக்கொண்டு அலறினார். அருக்காணி ஒரு இட்லியைக்கூட வீணாக்கவில்லை; டிபன் கேரியரின் மூடியை மட்டும் எறிந்து, திரும்பி வந்ததும் துடைத்து மூடிவைத்தாள்.

மாலுமிகள் விலக்கிவிடவில்லை. “நல்ல வார்ம்-அப்,” என்றான் நிகில்.

எல்லோரும் களைத்த பிறகு அவன் மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

“லேடீஸ் அண்டு ஜென்டில்மென், கப்பல் அஞ்சு மணிக்குப் போகுது. அது கப்பலோட டைம். ஏற்ற டைம் துறைமுகத்தோட டைம். செக்-இன் டைம் என்னோட டைம். பயணியோட டைம்னு ஒண்ணு கிடையாது. இது புரிஞ்சா பட்டை. நான் கடலைப் பார்த்ததே இல்லை. கப்பல்ல கால் வெச்சதே இல்லை. அதனாலதான் கம்பெனி என்னைக் கமாண்டர் ஆக்கிச்சு. கடலைப் பார்த்தவன் தண்ணிக்கு இளகிடுவான். நான் இளக மாட்டேன்.”

பிறகு புரிதல் தேர்வு. ஒவ்வொருவரையும் மேடைக்கு இழுத்து ஒரே கேள்வி: கப்பல் எப்போது புறப்படும்? ஐந்து மணி என்றவர்களுக்கு நனைந்த கயிற்றால் முழங்காலுக்குக் கீழே ஒன்று. தெரியாது என்றவர்களுக்கு இரண்டு. மாணிக்கவாசகத்தின் முறை வந்தது.

“கப்பல் எப்போ போகும், அங்கிள்?”

“அஞ்சு மணின்னு இப்பத்தான நீயே சொன்ன?”

“நான் சொல்லலாம். நீ சொல்லக்கூடாது.”

கயிறு விழுந்தது. தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தை மாணிக்கவாசகம் விழுங்கினார். மாசிலாமணி பார்த்துக்கொண்டிருக்கும்போது கத்துவதாக இல்லை. அடுத்து மாசிலாமணிக்கு விழுந்தது. அவரும் கத்தவில்லை, இவர் பார்த்துக்கொண்டிருந்தாரே. கதிரவனைக் கட்டோடு தூக்கி வந்து கேட்டார்கள். “கமாண்டர் சொல்லும்போது, சார்,” என்றான். அதுதான் சரியான விடை. ஆனால் சரியான விடை சொல்கிறவனையும் சந்தேகிக்க வேண்டும் என்று விதி இருந்தபடியால் அவனுக்கு மூன்று விழுந்தது. மதுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிற்பகலில் ஆபத்துக்காலப் பயிற்சி. விளக்கை அணைத்து, சங்கு ஊதி, கப்பல் மூழ்குவதாக அறிவித்தார்கள். ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கிகள் ஆட்களில் பாதிக்குத்தான் இருந்தன. மீதிப் பாதி அந்தப் பாதியை அடித்துப் பிடுங்கியது. இருட்டில் எலும்பு முறிகிற சத்தமும், “அது என்னோட அங்கி” என்ற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. விளக்கு வந்தபோது பேங்க் மேனேஜர் தரையில் கிடந்தார். அவர்மேல் பல பேர் நடந்து கரை சேர்ந்திருந்தார்கள். அவருடைய முன்பல் கொஞ்ச தூரத்தில் கிடந்தது. நிகில் அதைக் கைக்குட்டையால் எடுத்து அவரிடம் கொடுத்தான்.

“இதைக் கைப்பையில வெச்சுக்கோ அங்கிள். பெட்டில வெச்சா டேக் கட்டணும்.”

எல்லோரையும் மறுபடி அவரவர் கூண்டில் அடைத்தார்கள். அடுத்தது சாமான் பரிசோதனை. அதுதான் கடைசிக் கட்டம். அதற்குப் பின் பட்டை. அருக்காணி பின்னால் வர, மாணிக்கவாசகம் நொண்டியபடி மேடைக்குப் போய்க் கூடையை மேஜைமேல் வைத்தார். சங்கு ஊதியதிலிருந்து விளக்கு வரும்வரை அதன்மேல் குப்புறப் படுத்து அதைக் காப்பாற்றியிருந்தார். முதுகில் அத்தனை செருப்புத் தடங்கள். சீர் மட்டும் கசங்கவில்லை.

நிகில் ஒரு தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இது என்ன? சாப்பாடா, ஆயுதமா?”

“சீர் தம்பி. எங்க பொண்ணுக்கு மாமன் சீர்.”

“சாப்பாடுன்னா தடை. ஆயுதம்னா தடை. சீர்னு ரூல்ல இல்லை. இல்லாததைக் கப்பல்ல ஏத்த முடியாது. ஜல்தி, எடுத்துட்டுப் போ.”

“மத்ததெல்லாம் எடுத்துக்க. பொட்டிய எடுத்துக்க, துணிமணிய எடுத்துக்க. இது மட்டும் எங்கூட வரணும். கை கூப்பிக் கேக்கறேன்.”

அந்தக் குடும்பத்தில் யாரும் அவர் கை கூப்பி ஒன்றைக் கேட்டுப் பார்த்ததில்லை. பின்வந்தோர் கூண்டில் ராஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாசிலாமணியின் கண்கூடத் தரைக்குப் போய்விட்டது.

நிகில் கண்ணைக் காட்டினான். ஒரு மாலுமி கூடையை மேஜையிலிருந்து கீழே தள்ளினான். தாம்பாளம் உருண்டது. தேங்காய்கள் சிதறின. மாலுமி, ஓரமாக ஒதுக்குவதற்காக, பட்டுப்புடவையின்மேலும் மாலையின்மேலும் பூட்ஸ் காலை வைத்தான்.

மாணிக்கவாசகத்தின் முதுகு நிமிர்ந்தது. காலையில் வளைத்தது, கயிறு நொறுக்கியது, செருப்புகள் மிதித்தது எல்லாம் போய், பழைய நேர்கோடு திரும்பி வந்தது. அவர் குனியவே இல்லை. அருக்காணிதான் ஒரு தேங்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், பூஜைக்குக் கொடுப்பதுபோல. அதை அவர் நிகிலின் கேப்டன் தொப்பியின்மேல் உடைத்தார்.

தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அழுகல் இல்லை, நல்ல சகுனம். தொப்பிக்குக் கீழேயிருந்து தேங்காய்த் தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன.

“அங்கிள்!” என்றான் நிகில், தரையில் உட்கார்ந்தபடி. “நீங்க ஏன் இப்படிப் பண்ணினீங்க?”

மரியாதை வந்துவிட்டது.

மாலுமிகள் அவர்மேல் பாய வந்தார்கள். அப்போது பின்வந்தோர் கூண்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “எங்க மாமன் சீர்ல காலு வெக்கறயாடா, நாயே!” மாசிலாமணி இரும்புத் தடுப்பைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் தாமதமாக வந்தவர்கள் எல்லோரும், அவர்களுக்கு எதிரிலிருந்து சீக்கிரமாக வந்தவர்கள் எல்லோரும், அன்றைக்கு முதல் தடவையாக ஒரே நேரத்தில் வந்தார்கள். அருக்காணி தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஓங்கி, சீரை மிதித்தவன் தலையில் இறக்கினாள். கோயில் மணிபோல் ஒலித்தது. பட்ட இடத்திலேயே அவன் படுத்துக்கொண்டான். மதுமதி பல்லால் கயிற்றைக் கடித்துக் கதிரவனை அவிழ்த்துவிட்டாள். அதன்பின் சண்டை நெடுநேரம் நடக்கவில்லை. மீதி நான்கு தேங்காய்களில் மூன்று, ஆளுக்கு ஒன்றாக மூன்று மாலுமிகளுக்குச் செலவாயின. முன்பல் போன பேங்க் மேனேஜர் ஒரு மாலுமியின் வயிற்றின்மேல் உட்கார்ந்து, “போர்டிங் டைம்! போர்டிங் டைம்!” என்று குத்திக்கொண்டே இருந்தார். அவரை இறக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது மேடைச் சுவரிலிருந்த பெரிய திரை விழித்துக்கொண்டது. மும்பைத் துறைமுகம். வெள்ளை வெளேரென்று கப்பல், கரையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. மணி ஐந்து.

எல்லோரும் ஓங்கிய கையோடு நின்றார்கள்.

நிகில் மைக்கைத் தேடி எடுத்து எழுந்து நின்றான். அவன் கண்ணில் தண்ணீர். “பாருங்க! கரெக்டா அஞ்சு! இன்னிக்கு ஒருத்தர்கூட லேட்டா ஏறலை. ஒருத்தர்கூட முன்னாடி ஏறலை. இத்தனை வருஷக் கனவு! பயணிங்க ஏறினாத்தான் கப்பல் லேட்டாகுது. இன்னிக்கு நாம ஜெயிச்சுட்டோம்!” தரையில் கிடந்த மாலுமிகளில் கை முறியாதவர்கள் தட்டினார்கள்.

கப்பல் சிறிதாகிக்கொண்டே போனது. ராஜி விசும்பினாள். “அண்ணா, பொழுதோட முகூர்த்தம் போயிருமே. என்ற பொண்ணுக்கு இப்படியா ஆகணும்?”

மாணிக்கவாசகம் திரையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த புடவையை எடுத்து, பூட்ஸ் தடத்தைத் தட்டி, மடித்தார். நசுங்காத வெற்றிலைகளைப் பொறுக்கினார். அருக்காணி தாம்பாளத்தை முந்தானையால் துடைத்தாள். நடுவில் தலை அளவுக்கு ஒரு குழி. அதில் மஞ்சளும் குங்குமமும் பாக்கும் வைத்து, எஞ்சியிருந்த ஒற்றைத் தேங்காயைக் குழியில் உட்கார வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

“காலு தரையில ஊணித்தான இருக்குது?” என்றார் மாணிக்கவாசகம். “பெரியவங்க இருக்கறாங்க. சபை இருக்குது. வா அம்மிணி.”

மதுமதி வந்து நின்றாள். தோள் இறங்கிய வலது கையை இடது கையால் தாங்கித் தூக்கி, அவர் சீர்த்தட்டை அவள் கையில் கொடுத்தார். பாதி மாலையை அவள் கழுத்தில் போட்டார். கதிரவனின் தகப்பனார் வீங்கிய கண்ணோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். முன்வந்தோரும் பின்வந்தோரும் குங்குமமா ரத்தமா என்று பிரிக்க முடியாத கைகளால் அட்சதைக்குப் பதில் இட்லித் துணுக்குகளைத் தூவினார்கள். அருக்காணி அதை மட்டும் கொஞ்சம் முறைத்தாள்.

மாசிலாமணி பக்கத்தில் வந்து நின்றார். கிழிந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மாமன் சீர் கையிலயே வந்துருச்சுங்.”

பிறகு அவரே கேட்டார்.

“ஏனுங் மச்சான், கல்யாணத்த எங்க வெச்சுக்கலாமுங்?”

“எங்க வேணாலும் வைங்க,” என்றார் மாணிக்கவாசகம். “நேரம் மட்டும் ஒண்ணே ஒண்ணாச் சொல்லுங்க.”